நைனாவின் வலது கால்

எங்கள் நைனாவின் வலது காலைக் கட்டில்லாமல் நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் வீட்டில் இல்லை. மாதா கோயிலில், குப்பத்து ஜனம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க. அப்பாவை எங்கள் பக்கம் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அப்போது நான் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. வெள்ளைக்காரன் காலம். மயிலாப்பூருக்குக் கிழக்கே கடலை ஒட்டி எங்கள் குப்பம்.

நைனாவுக்கு யானைக்கால். முதலில் தொடை இடுக்கில் எலுமிச்சங்காய் போல நெறி கட்டும். பிறகு பல் கிட்டும் குளிர், அதன் மேல் சுரம். கால் சிவந்து, தொட்டால் சுடும். சுரம் விட்டாலும் வீக்கம் முழுசாக வற்றாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் வைத்துவிட்டுப் போனது. அமாவாசை, பௌர்ணமிக்கு வருகிற சுரம் என்று எல்லாரும் சொன்னார்கள். வைத்தியரோ, உப்பில்லாத நல்ல தண்ணீர் பட்டால்தான் சுரம் வருகிறது, காலை நனைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் நைனா குளிக்கும்போது வலது காலை மட்டும் ஒரு கவிழ்த்த கூடையின் மேல் நீட்டி வைத்துக்கொள்வார். அம்மா அதில் ஒரு சொட்டுத் தெறிக்காமல் முதுகில் ஊற்றுவாள். எண்ணெயில் ஊறிய பாய்ச்சீலையை, அதாவது கட்டுமரத்துப் பாயின் துணியை, எப்போதும் காலில் சுற்றி இறுக்கிக் கட்டியிருப்பார்; கடலுக்கும் அதோடுதான். கட்டுமரம் பாதி தண்ணீருக்குள் முங்கியேதான் போகும். சீலைக்குள் கடல் புகுந்து, வெளியே போக வழியில்லாமல் அங்கேயே ஊறும். விரலிடுக்கெல்லாம் புண்ணாகி, வாடை அடிக்க ஆரம்பித்தது.

இந்த வயதில் எனக்கும் இடது காலில் அந்த வீக்கம் வந்திருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் மகன் வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான். தினமும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும், அப்படிச் செய்தால் சுரம் அவ்வளவாக வராது. கொசு கடித்து ரத்தத்தில் சேர்கிற பூச்சி நெறியைப் போய் அடைத்துக்கொள்கிறதாம். இதற்கும் அமாவாசைக்கும் சம்பந்தமில்லையாம். எங்கள் வீட்டில் அத்தனை வருஷம் நடந்தது முழுக்கத் தலைகீழ் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, ஏசு தம் சீடர்களுக்குச் செய்தது போல, சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவது எங்கள் கோயில் வழக்கம். சொந்தக் கட்டுமரம் வைத்திருக்கிற வீட்டுக்கு ஓர் ஆள். எங்கள் வீட்டு இடத்தில் நைனாவின் அப்பா உட்கார்ந்தார், பிறகு நைனா. வரிசையில் உட்காருகிறவனோடு மரம் ஏற யாரும் தயங்க மாட்டார்கள். ஆனால் அந்த வருஷம் கால் நோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து ஒவ்வொருவராக விலகிப் போயிருந்தார்கள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா ஒருவர்தான் இன்னும் நைனாவோடு கடலுக்குப் போனார். "மச்சான் ஏறினா மரமே ஒரு பக்கமா சாயுது, மீனுங்க தானா வந்து வுழுது" என்று கேலி பேசுவார். நைனாவும் சிரிப்பார். அந்த ஒரு துணையும் போனால் எங்கள் அடுப்பு எரியாது. வரிசையில் உட்கார்ந்துவிட்டால் குப்பத்தின் பயம் தெளியும் என்று நைனா நம்பினார்.

குப்பத்துத் தலைவர் வீட்டுக்கே வந்து, இந்த வருஷம் மட்டும் விட்டுக்கொடு என்று தணிவாகத்தான் கேட்டார்.

"எங்கப்பன் ஒக்காந்த எடம். கால் வீங்கிச்சின்னா எடம் பூடுமா?" என்றார் நைனா.

அம்மாவுக்கு வேறு பயம். சாமியார் ஊற்றுவது நல்ல தண்ணீராயிற்றே. சும்மா தொட்டுவிட்டு விடச் சொல் என்று கெஞ்சினாள்.

கோயிலில் பெஞ்சியில் நைனா, அவருக்கு அடுத்து, ஊரில் இல்லாத ஒருவருக்குப் பதிலாக மாமா. கழுவுவது வலது பாதம் மட்டும். வெள்ளைக்காரச் சாமியார் முட்டி போட்டு வரிசையாக வந்தார். சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் உபதேசியார் தாம்பாளம் பிடித்தார். நைனா இடது காலை நீட்டினார். சாமியார் நிமிர்ந்து பார்த்து, வலது காலைக் காட்டினார். நைனா குனிந்து பாய்ச்சீலையை அவிழ்த்தார். கால் மடிப்பு மடிப்பாக, கருத்து, மரப்பட்டை போல இருந்தது. வாடை பரவியதும் பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்தார்கள். மற்றவர்களுக்குப் பேருக்குச் சொட்டு ஊற்றிய சாமியார் இங்கே நிறைய ஊற்றினார். மடிப்புக்குள் கைவிட்டுக் கழுவினார். ஒவ்வொரு விரலிடுக்கையும் துண்டால் ஒற்றினார். பிறகு குனிந்து, பாதத்தில் உதடு பதித்து முத்தி செய்தார். நைனா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் அப்படி ஓர் அமைதியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

சாமியார் அடுத்த ஆளிடம் நகர்ந்தார். மாமா காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"தண்ணிய மாத்திடுங்க உபதேசியாரே. துண்டையும்."

மெதுவாகத்தான் சொன்னார். கோயிலே நிசப்தமாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. உபதேசியார் சாமியாரைப் பார்த்தார், பிறகு தாம்பாளத்தை வெளியே எடுத்துப்போய் மணலில் கொட்டினார். அவர் திரும்பி வரும் வரைக்கும் வரிசை காத்திருந்தது. நைனா அதற்குள் கடல் ஈரம் வற்றாத அந்தச் சீலையையே மறுபடி சுற்றிக் கட்டிவிட்டார்.

அன்று சாயங்காலமே நைனாவுக்குக் குளிர் கண்டது. தண்ணீர் பட்டதுதான் காரணம் என்று அம்மா அழுதாள். பெரிய வியாழன் எப்போதும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும் என்றார்கள் சிலர். ஈரச் சீலையை யாரும் நினைக்கவில்லை.

ஈஸ்டர் கழிந்த திங்கட்கிழமை மாமா வேறொருவர் மரத்தில் போனார். வழியில் அம்மா மறித்துக் கேட்டாள். "எனுக்கும் புள்ளகுட்டி கீதுக்கா. என்னியும் ஒதுக்கிட்டாங்கன்னா நான் எங்க போவேன்?" என்றார். அவரைக் குறை சொல்ல என்னால் முடிந்ததில்லை. அவர் சொன்னது நிஜம். எங்கள் மரத்தை அவிழ்த்துக் கட்டைகளாக விற்றோம். அம்மா மீன்கூடை தூக்கி, அடையாற்றுப் பங்களாக்களின் பின்கதவுகளில் போய் நின்றாள். எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. அடுத்த பெரிய வியாழனுக்கு எங்கள் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். நாங்கள் கோயிலுக்குப் போகவில்லை.

கடைசிச் சுரத்தில் நைனா பல நாள் கிடந்தார். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். ஒரு மத்தியானம் அம்மா வியாபாரத்துக்குப் போயிருந்தாள். கட்டின் மேல் ஈ மொய்த்தது, ஓட்ட ஓட்ட மறுபடி வந்து உட்கார்ந்தது. எனக்குத் தாங்கவில்லை. ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து, கழுவிவிடட்டுமா நைனா என்று கேட்டேன். அவர் குடத்தையே பார்த்தார். வேண்டும் என்றுதான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"வாணாம்மா. அந்தத் தண்ணிய எங்க கொண்டும்போயி ஊத்துவ?"

வாசலுக்கு வெளியே மணல்தான். அதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.