வேம்புலிக்குக் கோபம் வரவில்லை

சிக்னல் பச்சையாகிவிட்டது. வேம்புலி வண்டியை எடுக்கவில்லை. பின்னால் தண்ணீர் லாரி ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. அவர் கண்களைப் பாதி மூடி, தன் மூக்கு நுனியில் எதையோ கவனித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, தூங்கிட்டியா?" என்றாள் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்.

"மூச்சு வெளிய போய்கினு கீதும்மா. முழுசா போட்டும்."

"எங்க மூச்சு போறதுக்குள்ள வண்டிய எடு."

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார் வேம்புலி. ஐம்பதைத் தாண்டியவர். மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்துக் குறுக்கிய சாலையில் யாராவது உரசினால், முன்பெல்லாம் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்குவார். இறங்கும்போதே சட்டையின் மேல் பித்தானைக் கழற்றிவிடுவார். தினமும் அந்த வண்டியில் வேலைக்குப் போகிற நாங்கள் தாமதத்துக்குச் சொல்லும் காரணங்களில் அதுவும் ஒன்று. இப்போது இறங்குவதில்லை. "போ நைனா, பத்ரமா போ" என்கிறார். கார்க்காரர்கள் பயந்துவிடுகிறார்கள்.

எல்லாம் மனைவி தாயம்மாவுக்காக. சென்ற மாதம் ஏதோ பேச்சில் வேம்புலி மீன் குழம்புச் சட்டியைத் தெருவில் வீசினார். "கோவத்த வுட்டா சொல்லி அனுப்பு, வரேன்" என்று சொல்லிவிட்டு, தாயம்மா முத்தாபுதுப்பேட்டையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

சென்னீர்குப்பத்தில் ஓர் அடுக்ககத்தின் மாடி ஹாலில் ரகுநாதன் என்பவர் ஞாயிறுதோறும் தியானம் சொல்லித் தருகிறார். சின்னதாக ஒரு புத்தர் சிலை, சில பாய்கள். சவாரி இறக்கப் போன வேம்புலி, மேலே ஃபேன் ஓடுகிறதென்று போய் உட்கார்ந்தார்.

"கோபம் வந்தா, வந்திருக்குன்னு மட்டும் பாருங்க. பிடிச்சுக்காதீங்க, தள்ளவும் தள்ளாதீங்க. வந்தது போயிடும்" என்றார் ரகுநாதன்.

வேம்புலி கையைத் தூக்கினார். "வந்தது போவும், சரி சார். போனது வருமா?"

ரகுநாதன் சிரித்தார். அது பதிலா என்று வேம்புலிக்கு இன்றும் தெரியவில்லை. ஆனாலும் வாரம் தவறாமல் போகிறார். டீ குடிக்கும்போது டீயை மட்டும் குடிக்கிறார். "பூந்தமல்லி பூந்தமல்லி" என்று கூவும்போது கூவுவதை மட்டும் கவனிப்பதால், ஏற வருகிறவர்களைக் கவனிப்பதில்லை.

போன வியாழக்கிழமை ஸ்டாண்டில் நான் ஏறி உட்கார்ந்தபோது தாயம்மா ஃபோன் செய்தார். வேம்புலிக்குக் காது மந்தம். எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"துன்னியா?"

"ம்."

"உங்கக்கா இன்னா பேச்சு பேசிச்சு தெரியுமா? அது மூஞ்சில நா முழிக்கக் கூடாதாம். கேட்டுகினு கீறியா?"

வேம்புலி கண்ணை மூடிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது, அடங்கியது.

"வாய்ல இன்னா கொழுக்கட்டையா? உங்கக்காவ நா திட்றேன்யா. திட்டட்டா?"

"திட்டும்மா" என்றார் சாந்தமாக.

"ம்மாவா? 'டி' எங்க போச்சு? சரி. நா இங்கியே இருந்துக்கறேன்."

ஃபோன் அணைந்தது.

அந்த வீட்டுச் சண்டை எப்படி முடியும் என்று வேம்புலியே முன்பு சொல்லியிருக்கிறார். அவர் கத்துவார். தாயம்மா இரண்டு மடங்கு கத்துவார். தெரு எட்டிப் பார்க்கும். அதன்பிறகு யாராவது ஒருவர், "சோறு ஆறுது" என்பார்.

"கோவமே வர்ல சார்" என்று என்னைப் பார்த்தார். "தியான சார் சொன்ன மாறியே வுட்டேன். அத்தோட வேற எதுனா வுட்டுட்டனா?"

மறுநாள் எனக்கு ஆவடியில் வேலை இருந்தது. மற்றவர்களை இறக்கிவிட்டு, என்னிடம் கேட்காமலே வண்டியை முத்தாபுதுப்பேட்டைக்கு விட்டார் வேம்புலி. தங்கை வீட்டு வாசல் குழாயடியில் தாயம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. வேம்புலி எதிரே குந்தி உட்கார்ந்து, ஒரு கிண்ணத்தை எடுத்துக் கழுவத் தொடங்கினார்.

"அது கழுவினதுய்யா."

"தெரியும்டி!"

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. தாயம்மா சோப்பு நுரையோடிருந்த குண்டானை அவர் பக்கம் தள்ளினார்.