வளைகாப்பு மஞ்சள்

பிள்ளைகளே, நீங்கள் இருவரும் பிறந்த கதையை அம்மா ஆரம்பித்தாலே நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன் அல்லவா? இன்று நானே எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். செம்பாக்கத்தில் வாடகை வீடு. நான் பெயிண்டர். சுவரைப் பார்த்த மாத்திரத்தில் என்ன நிறம், எத்தனை கோட்டிங் என்று சொல்லிவிடுவேன். அந்தக் கர்வம்தான் என்னைக் கவிழ்த்தது.

ஒன்பதாம் மாத வளைகாப்பில் அம்மாவின் கன்னத்திலும் கையிலும் சந்தனமும் மஞ்சளும் அப்பினார்கள். பத்து நாளாகியும் அந்த மஞ்சள் போகவில்லை. நான் வாங்கிய அசல் மஞ்சளாக்கும் என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அப்புறம் மூன்று நாள் வாந்தி. இரட்டைப் பிள்ளை என்றால் அப்படித்தான் என்று அதற்கும் நானே தீர்ப்புச் சொன்னேன்.

நான்காம் நாள் காலை, பிரஷ்ஷும் டப்பாவுமாகக் கிளம்பியவனை வாசலில் மறித்தாள் அம்மா.

"யார் வூட்டுக்கு வந்தீங்கண்ணா? எங்க வூட்டுக்குப் போன பொங்கலுக்கே பெயிண்ட் அடிச்சாச்சு."

கட்டிய பெண்டாட்டி அண்ணா என்கிறாள். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. டப்பாவை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

தாம்பரம் ஆஸ்பத்திரியில், நர்ஸம்மா கேட்பதற்கு முன்பே இது வளைகாப்பு மஞ்சள் என்று விளக்கினேன். அவர் அம்மாவின் இமையை இழுத்துப் பார்த்தார்.

"இன்னா சார், கண்ணுக்குள்ளயும் பூசி வுட்டீங்களா?"

என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். எங்க வூட்டுப் பக்கம் வந்துடாதீங்க என்றார்.

கடைசி மாதத்தில் அபூர்வமாகச் சிலருக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறுமாம். ரத்தத்தில் சர்க்கரை இறங்கியதால்தான் ஆளே அடையாளம் தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"குழந்தைங்களை உடனே எடுக்கணும். அதுதான் மருந்து. லேட் பண்ணா மூணு பேருமே இல்ல."

கையெழுத்துப் போட்டேன். குளுக்கோஸும் ரத்தமும் ஏற்றியபடி, மதியத்துக்குள் உங்களை எடுத்துவிட்டார்கள்.

நீங்கள் பிறந்த ஐந்தாம் நாள்தான் அம்மா தெளிவாகப் பேசினாள். பெயிண்ட் நாத்தம் அடிக்குது, தள்ளி நில்லுங்க என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை. அது போதும் எனக்கு.

மாற்றுப் புடவை எடுக்க வீட்டுக்கு வந்தேன். குளியலறையில் அந்த மஞ்சள் கிழங்கு கிடந்தது. கல்லில் உரசி என் கையில் பூசிக்கொண்டேன். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியதும் போய்விட்டது. பத்து நாளில் ஒரு தடவை இதைச் செய்து பார்த்திருக்கலாம்.

கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி பூசினேன். மறுபடி கழுவினேன்.