சொந்த வீட்டில் ஒற்றைக் கட்டில்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவருக்கு, உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் 'சதவீதம்'. எதைப் பேசினாலும் நூற்றுக்கு எவ்வளவு என்றுதான் முடிப்பார்.

நாற்பத்தொரு வயதில் ஒரு வீடு வாங்கினார். சொந்த வீடு இருந்தால் மேற்கொண்டு பேசலாம் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். வீடு அமைந்தது, கல்யாணம் கைகூடவில்லை. இரண்டு படுக்கையறையை வைத்துக்கொண்டு ஒற்றை ஆள் என்ன செய்வது? வாடகைக்கு விட்டுவிட்டுக் கடைக்குப் பின்தெருவில் இருந்த பழைய ஒற்றை அறையிலேயே தங்கிவிட்டார். அது ஆயிற்று பதினாறு வருஷம்.

ஒன்பது வருஷமாகக் குடியிருந்த தையல்காரப் பெண்ணும் அவள் கணவனும் காலி செய்யப் போவதாகச் சொன்னதும், சாப்பாட்டு நேரத்தில் ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். வாங்கிய விலை, பதிவுச் செலவு எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு லட்சம். மாத வாடகை பதினோராயிரம். மேலோட்டமாகப் பார்த்தால் ஆறு சதவீதம். பராமரிப்பு, வரி, மராமத்து, இடையில் ஒரு மாதம் பூட்டிக் கிடப்பது எல்லாவற்றையும் கழித்தால் நாலுதான் தேறியது.

தங்கையிடம் போனில் சொன்னார். "வித்துட்டு பேங்க்ல போட்டுடுண்ணா. நிம்மதியா இருக்கலாம்" என்றாள். அதுவும் சரியாகத்தான் பட்டது. விலையும் ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தரகரை வரச் சொன்னார்.

சனிக்கிழமை சாவி வாங்கப் போனார். சாமான்கள் வண்டியில் ஏறிவிட்டன. சுவரில் எத்தனை ஆணித் துளை, எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்து, முன்பணத்தில் எவ்வளவு பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். தையல்காரப் பெண் சாவியை நீட்டினாள்.

"ஒன்பது வருஷத்துல நீங்க ஒரு நாள் கூட உள்ள வந்து உக்காரலையே அண்ணா. ஒவ்வொரு தடவையும் வாசல்லயே நின்னு பேசிட்டுப் போயிடுவீங்க."

அவர் முன்பணத்தை முழுசாகவே கொடுத்துவிட்டார்.

வண்டி போன பிறகு வெறுந்தரையில் உட்கார்ந்து பார்த்தார். சமையலறை ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் கூடம் வரைக்கும் வந்து விழுந்தது. தன் வீட்டுக்குள் வெயில் வரும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். இருமினால் நாலு சுவரும் திருப்பி இருமின.

உட்கார்ந்த இடத்திலேயே கணக்கை மாற்றிப் போட்டார். தானே குடிவந்தால் அறை வாடகை நாலாயிரத்து ஐந்நூறு மிச்சம், வரவேண்டிய பதினோராயிரம் போச்சு. செலவெல்லாம் போக நூற்றுக்கு ஒன்று கூட நிற்கவில்லை. விவரம் தெரிந்தவன் செய்கிற காரியமே இல்லை. தரகரைக் கூப்பிட்டு வரவேண்டாம் என்று சொன்னார்.

அடுத்த வாரம் கட்டிலும் இரண்டு பெட்டியும் வந்து சேர்ந்தன. தங்கை வந்து நாலு நாள் இருந்தாள். அவள் இருந்தவரை வீடு வீடாக இருந்தது. அவள் ஊருக்குப் போனதும் இரண்டாவது படுக்கையறையைச் சாத்திவிட்டார்.

எதிர்வீட்டம்மா ஒரு நாள் படியில் பார்த்து, புதுசாகக் குடிவந்தவரா என்று விசாரித்தாள். ஆமாம் என்றார். வீட்டுக்காரர் எப்படி என்று கேட்டாள்.

"அதிகம் பேச மாட்டார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கதவைத் திறந்தே வைத்திருந்தார்.