மூன்று மணி மன்றாட்டு

எங்கள் நண்டுக் கொம்பனியில் என்னை நலன்புரி அலுவலராக்கியதற்கு ஒரே காரணம், நான் பகிடி விடுகிறவன் என்பதுதான். வேலைசெய்கிறவர்களின் மனநலத்தைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டுமென்று நண்டு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கேட்டிருந்தார்கள். முதலாளி கந்தோரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். கணக்கு எழுதுகிறவர் சிரித்து யாரும் கண்டதில்லை. மிஞ்சியது நான். வவுனியாவுக்கு ஒரு பகல் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார்கள். மத்தியானச் சாப்பாடு திறமாக இருந்தது. இரவில் என்னை எட்டியும் பார்க்காத நித்திரை, அந்தக் குளிரூட்டிய மண்டபத்தில் ஓடி வந்து மடியில் ஏறியது. மனநலம் பற்றி அங்கே சொன்னதில் பாதி என் குறட்டைக்குள் போய்விட்டது. மீதிப் பாதியோடும், சிரிக்கிற சூரியன் படம் ஒன்றோடும் திரும்பிவந்தேன். நண்டு அவிக்கிற ஆவி பட்டு அந்தச் சூரியனுக்கு ஒரு கிழமைக்குள் வாய் கோணிப்போனது.

அவித்த நண்டை உடைத்துச் சதை எடுப்பதுதான் எங்கள் வேலை. எங்கள் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. எடுப்பது பெண்கள், சுற்றி நடப்பது நான். பக்கத்துத் தீவிலிருந்து சிலர் வருவார்கள். மற்றவர்களை இலுப்பைக்கடவை, பாப்பாமோட்டைப் பக்கமிருந்து கொம்பனி வான் ஏற்றிவரும். பெரும்பாலும் வேதக்காரர், கத்தோலிக்கச் சனம். மூன்று மணிக்குக் கத்திகளைக் கீழே வைத்துவிட்டு மேசையைச் சுற்றி நின்று செபம் சொல்வார்கள். முஸ்லிம் பெண்கள் அந்த நேரம் வெளியே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார்கள். செபத்தை நடத்துவது மேசையில் மூத்த ஓர் அக்கா. கடைசியில் மன்றாட்டுகள். யாருக்கு என்ன நோய் வருத்தம், எந்த ஊர், எந்தக் கால் என்று விளக்கமாகச் சொல்லுவார், கடவுள் சுகத்தை ஆள் மாறிக் கொடுத்துவிடக்கூடாது என்பதுபோல. மற்றவர்கள் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள்.

அந்த மேசையில் இருந்த ஒரு தங்கச்சிக்குச் சுகமில்லாமல் போனது. சத்தம் போடவில்லை, அழவில்லை. கையில் எடுத்த நண்டை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். வீட்டிலும் அப்படித்தானாம், உலை கொதித்து அடுப்பை அணைக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாளாம். ஆஸ்பத்திரியில் மனநலப் பகுதியில் வைத்து மருந்து கொடுத்தார்கள். அவள் இல்லாத நாளெல்லாம் அக்கா ஒரு நாளும் தவறாமல் அவளுக்காக மன்றாடினார். பேர் சொல்லி, வருத்தம் சொல்லி, எந்த வாட்டு என்றும் சொல்லி. அன்பில் ஒரு குறையுமில்லை. ஆனால் மாலையில் வான் ஒவ்வொரு சந்தியிலும் ஆட்களோடு அந்தச் செய்தியையும் இறக்கிவிட்டுத்தான் போனது.

அவள் சுகமாகித் திரும்பி வந்தாள். மன்றாட்டு நிற்கவில்லை. "முழுச் சுகம் கிடைக்க" என்று ஒரு சொல் மாறியது, அவ்வளவுதான். இப்போது அவளை வைத்துக்கொண்டே.

ஒவ்வொரு நாளும் மூன்று மணிச் செபம் முடியும் தறுவாயில் அவள் கக்கூசுக்குப் போவதை நான் கவனித்தேன். நலன்புரி அலுவலர் அல்லவா. வயிற்றுக் கோளாறு என்று முடிவுகட்டி, ஒரு போத்தலில் ஓமத்தண்ணியோடு வழியில் காத்துநின்றேன்.

"வயித்துக்கு ஒண்டுமில்லை அண்ணன்," என்றாள். "அவையள் என்ர பேரைச் சொல்லேக்க நான் அதில நிக்க ஏலாது."

நல்லதுக்குத்தானே செபிக்கிறார்கள் என்று, பயிற்சி பெற்ற ஆள் சொல்லக்கூடாததைச் சொன்னேன்.

"அதுதான் அண்ணன் கரைச்சல். ஏசினா திருப்பி ஏசலாம். செபிக்கிற ஆக்களோட என்னண்டு சண்டை பிடிக்கிறது? நான் சனிக்கிழமையோட வேலையால நிக்கப் போறன்."

வீட்டில் இரண்டு பிள்ளைகள். புருசன் கடலுக்குப் போனாலும் காற்றுக் காலத்தில் படகு கரையில்தான் கிடக்கும். அதைவிட, வேலைக்குப் போவது நல்லது என்று டாக்குத்தரே அவளுக்குச் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்தால் திரும்பவும் அந்த அடுப்புக்கு முன்னால்தான் போய் இருப்பாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. ஓமத்தண்ணியை நானே குடித்துவிட்டு, மறுநாள் காலை அக்காவிடம் போனேன்.

பேரைச் சொல்லாமல் மன்றாட ஏலாதா என்று பக்குவமாகக் கேட்டேன். அக்கா கத்தியைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"நீர் கோயிலுக்கு வாறது பெருநாளுக்கு மட்டும். அதுவும் வாசலில நிண்டு கதைக்கிறதுக்கு. எங்களுக்குச் செபம் படிப்பிக்க வந்திட்டீரோ, தம்பி?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு எனக்கு எதிராகத் திரும்பினால் அதைவிடப் பெரிய பகிடி ஒன்று விட்டாக வேண்டும். அது என் வியாதி. அவளை விட்டுவிட்டு எனக்காக மன்றாடுங்கோ, நானும் மனநலக் கிளினிக்கில் காட்டி இரவில் குளிசை போடுகிறவன்தான் என்று சொல்லிவிட்டேன். பகிடி மாதிரித்தான் சொன்னேன். சொன்னது முழு உண்மை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேறு ஊருக்குப் போய்க் காட்டி வருகிற விசயம் அது. என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று மூன்று மணிக்கு அவளுடைய பேருக்குப் பின்னால் என்னுடைய பேரும் வந்தது.

மறுநாள் காலை மீன் சந்தையில், வாழ்க்கையில் என்னிடம் விலையைத் தவிர வேறொன்றும் பேசாத வியாபாரி, "நித்திரை வருதோ?" என்று கேட்டார். முடிவெட்டுகிறவர் என் தலையை வழக்கத்தைவிட மெதுவாகப் பிடித்தார். கொம்பனிக்கு வந்தால், திருக்கேதீஸ்வரத்துத் திருநீறு என்று வான் சாரதி ஒரு பொட்டலம் தந்தார். தேத்தண்ணி ஊற்றுகிற முஸ்லிம் தாத்தா, குர்ஆன் ஓதின தண்ணி ஒரு போத்தல் கொண்டுவந்தார். அக்கா புனித எண்ணெய் தந்தார். என் மேசையில் சமய ஒற்றுமை பொங்கி வழிந்தது, கோவைகள் வைக்க இடமில்லை. முதலாளி தன்மையாகக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு மோட்டார் சைக்கிள் ஓடாமல் இருந்தால் நல்லது என்றார்.

இதெல்லாம் தாங்கலாம். தாங்க முடியாதது வேறு. நான் பகிடி விட்டால் ஒருவரும் சிரிக்கிறார்களில்லை. தலையைச் சரித்துப் பார்க்கிறார்கள். "பாவம், வருத்தத்தை மறைக்கத்தான் இப்பிடிக் கதைக்கிறார்," என்று ஒருத்தி மற்றவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. இத்தனை வருசமாக நான் விட்ட பகிடிகளெல்லாம் ஒரே நாளில் நோயின் அறிகுறிகளாகிவிட்டன. அதற்கு மேல் மோசமானது, அது கொஞ்சம் உண்மையாகவும் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மறுபடி அக்காவிடம் போனேன். இந்த முறை கைவசம் ஒரு பகிடியும் இருக்கவில்லை.

"அக்கா, மூண்டு மணி வரப்போகுதெண்டா எனக்கு நெஞ்சு படபடக்குது. நான் ஆள் இல்லை, வருத்தம்தான் நடந்து திரியுது எண்டு நினைக்கினம் போல கிடக்கு."

அக்கா கையிலிருந்த நண்டைத் தட்டில் வைத்தார். மேசையின் மறு முனையில் குனிந்திருந்த தங்கச்சியைப் பார்த்தார்.

"அப்ப அந்தப் பிள்ளைக்கும் இப்பிடித்தானோ?"

கேள்வி என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

மூன்று மணிக்குக் கத்திகள் கீழே வந்தன. செபம் முடியும் தறுவாயில் அவள் வழக்கம்போல வாசல் பக்கம் நடந்தாள். அக்கா மன்றாட்டுகளைத் தொடங்கினார். கடலில் நிற்கிறவர்களுக்காக. பிறகு, "இந்த மேசையைச் சுற்றி நிற்கிற எங்கள் எல்லாருக்காகவும், ஒவ்வொருவரும் மனதில் வைத்திருக்கிறதுக்காகவும்" என்றார். அதோடு நிறுத்திவிட்டார். ஒரு பேருமில்லை. பழக்கதோசத்தில் ஒருத்தி பேரைத் தொடங்கப்போக, அக்கா முழங்கையால் ஓர் இடி இடித்தார். செபத்துக்கு நடுவில் அவ்வளவு பலமான இடியை நான் கண்டதில்லை.

அவள் வாசல்வரை போய்விட்டாள். கதவைத் தள்ளக் கை வைத்தவள் அப்படியே நின்றாள். "கேட்டருளும்" என்று எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, மெதுவாக வந்து தன் இடத்தில் அமர்ந்து கத்தியை எடுத்தாள்.

அவள் திரும்பி வந்த நாளிலிருந்து மேசையில் ஒருவரும் அவளிடம் ஒரு குறை சொன்னதில்லை. அவள் எடுத்த சதையில் ஓட்டுத் துண்டு கிடந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் சத்தமில்லாமல் பொறுக்கி எறிவார்கள். அன்று அக்கா அவளுடைய தட்டை இழுத்துப் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது? சதையை விட ஓடுதான் கூடக் கிடக்கு."

ஓட்டுத் துண்டு பொறுக்கப் போன பக்கத்துக் கை அப்படியே திரும்பிப் போனது.

"முதல்ல உங்கட தட்டைப் பாருங்கோ அக்கா," என்றாள் அவள். "அரைவாசி ஓடு. கண்ணாடியை மாத்துங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது."

அக்கா எதிர்த்துச் சொன்னார். அவள் அதற்கும் ஒன்று சொன்னாள். வான் ஹோர்ன் அடிக்கும்வரை இரண்டு பேரும் விடவில்லை. வேலையால் நிற்கப்போவதைச் சொல்ல அவள் முதலாளியின் அறைக்குப் போகவில்லை, நேரமிருக்கவில்லை. அக்காவின் கண்ணாடியைப் பற்றித் திட்டிக்கொண்டே அவருக்குப் பின்னால் வானில் ஏறினாள்.