முன் சீட்டுக்கு ஒரு பத்து

எங்கள் ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவர்தான் உட்காரலாம். கம்பத்திலிருந்து மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற மற்றவர்கள் எல்லாம் பின்னால் ஒருவர் மடியில் ஒருவராகக் குலுங்கிச் சாக வேண்டும். அந்த முன் சீட்டுக்குத் தினமும் அடிதடி. அதைத் தீர்க்கத்தான் இந்த விளையாட்டு வந்தது. அடிவாரத்து டீக்கடையில் எங்களுக்கு முன்னால் நிற்கிற வண்டியின் நம்பரைப் பார்க்க வேண்டும். நான்கு இலக்கத்தையும் தலா ஒரே முறை எடுத்து, கூட்டியோ கழித்தோ பெருக்கியோ வகுத்தோ பத்து கொண்டுவர வேண்டும். முதலில் சொன்னவருக்கு முன் சீட்டு. பத்து வராத நம்பர் என்றால், நேற்று உட்கார்ந்தவரே இன்றும் உட்காரலாம்.

வருமா வராதா என்று தீர்ப்புச் சொல்கிறவன் என் புருஷன். பன்னிரண்டாவது படித்த திமிர். மருந்தடிக்க அதே ஜீப்பில்தான் வருவான். பாதி நாள் முன் சீட்டும் அவனுக்குத்தான்.

போன வருடம் மூன்றாம் மாதத்தில் என் கரு கலைந்தது. அந்த வளைவுகளில் குலுங்கித்தான் கலைந்தது என்று இன்றும் நம்புகிறேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, வயிறு என்னுடையது. மறுபடி உண்டாகி மூன்றாம் மாதம் வந்தபோது அவனிடம் முன் சீட்டைக் கேட்டேன்.

"கேம்னா கேம்தேன். செயிச்சு உக்காரு," என்றான். அங்கேயே கழுத்தை நெரித்திருப்பேன்.

அன்று முன்னால் நின்ற பிக்கப்பில் 1199. எல்லோரும் முணுமுணுத்துப் பார்த்து ஓய்ந்தார்கள். "வராது," என்று சொல்லி, முந்தின நாள் உட்கார்ந்த உரிமையில் அவன் முன் கதவைத் திறந்தான்.

"வரும்," என்றேன்.

தோட்டத்தில் காய் எடுக்கிற நாங்கள் ஒன்பது பெண்கள். கொண்டுபோன தோசையை ஒன்றாகப் போட்டுப் பங்கு வைத்துத்தான் தின்போம்.

"ஒரு தோசைய ஒம்பதாப் பிய்யி. ஒரு துண்டோட ஒரு முழுத் தோசையச் சேத்துக்க. அது ஒருத்தி பங்கு. ஒம்பது பேரு பங்கையும் ஒண்ணாப் போடு. எத்தன?"

"பத்து!" என்று பெண்கள் கத்திச் சிரித்தார்கள்.

"எனக்கே பாடம் எடுக்கிறயாடி?" சிரிப்பு அடங்குவதற்குள் அவன் கை என் வாயில் விழுந்தது. உதடு கிழிந்தது. அடுத்து வயிற்றுக்கு நேராகக் காலைத் தூக்கினான். கையிலிருந்த தூக்குச்சட்டியை அவன் முழங்காலில் இறக்கினேன். சாம்பார் தெறித்தது. இரண்டாவது அடி காதோரம். அவன் டீக்கடை பெஞ்சோடு சரிந்தான். விழுந்தவனுக்கு மூன்றாவதும் கொடுத்தேன். அது தேவையில்லைதான், ஆனாலும் கொடுத்தேன். இன்றுவரை வருத்தமில்லை.

"நீ முன்னாடி ஏறு ஆத்தா," என்றார் டிரைவர் அண்ணன்.

வழியெல்லாம் முந்தானையில் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே போனேன். முன் சீட்டிலும் குலுக்கல் இருக்கத்தான் செய்தது. கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

மறுநாள் காதில் கட்டோடு வந்தான். முன்னால் நின்ற லாரியில் 2350.

"கூட்டுனாலே பத்து," என்று அவன்தான் முதலில் சொன்னான். சரியான விடை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் முன் சீட்டில் ஏறி, தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

"வராது," என்றேன்.

பின்னாலிருந்து எட்டுப் பெண்களும், "வராதுதேன்," என்றார்கள். டிரைவர் அண்ணன் வண்டியை எடுத்தார்.