ஷைனியின் பக்கத்தில் மூன்று டிராக்கர்கள்

போன வாரம் காரோடு ஊரில் இருக்கும் ஷைனி வீட்டுக்குப் போயிருந்தேன். என் சித்தப்பா மகள். குவைத்தில் நர்ஸாக இருந்தவள், மகளைப் பிரிந்திருக்க முடியாமல் திரும்பி வந்து, குழந்தைகளுக்கு ஞானஸ்நான உடுப்பு தைக்கிறாள். விற்பதற்கு ஒரு வெப்சைட். கிறிஸ்துமஸுக்குள் ஆர்டர் வராவிட்டால்... மறுபடி குவைத்துதான்.

“நேத்து எத்தனை பேரு வந்து பார்த்தாங்க?” என்றேன்.

“எதைப் பார்த்துச் சொல்ல அண்ணா? ஒண்ணு பதினாறுங்குது, ஒண்ணு நாப்பதுங்குது, இன்னொண்ணு ஏழாக்கும் காட்டுது.”

வருகிறவர்களை எண்ணும் டிராக்கர் – ஒரே பக்கத்தில் மூன்று! ஒன்று பெங்களூரில் இருக்கும் அவள் கொழுந்தன் மாட்டியது. அடுத்தது சபை வாலிபர் சங்கச் செயலாளர் உபயம். மூன்றாவது? வேறு யார், அடியேன்தான்.

அவள் போனில் பக்கத்தைத் திறந்தேன். வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றியது... சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று டிராக்கரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் உடுப்பின் படமே தலைகாட்டியது.

“ஒண்ணு போரும்லா மக்கா, மத்ததை எடுத்துரு.”

“யாருக்கதை எடுக்க? எல்லாரும் ஆசையாட்டு போட்டுத் தந்ததாக்கும். ஒருத்தருக்கதை எடுத்தா அவருக்கு சங்கடம் ஆவும்லா?”

எங்கள் ஊர்ப்பக்கத்து வியாதி இது. கல்யாணத்துக்கு வந்த மூன்று சுவர்க் கடிகாரத்தையும் ஒரே அறையில் மாட்டிவைப்போம். தந்தவர் வீட்டுக்கு வந்தால் கேட்பாரே!

இன்னொன்றும் தெரிந்தது. தன் டிராக்கர் ஓடுகிறதா என்று கொழுந்தன் தினமும் நான்கைந்து தடவை பக்கத்தைத் திறப்பாராம். செயலாளரும் அப்படியே. நான்? ஆறு தடவை. இவள் மறுபடி விமானம் ஏறிவிடக் கூடாதே என்ற பதைப்புதான். அந்த வட்டம் சுற்றி முடியும்வரை காத்திருக்கும் பொறுமை சொந்தபந்தத்துக்கு மட்டும்தானே உண்டு? எண்ணிக்கையில் பெரும்பகுதி நாங்களே என்று புரிந்தபோது வெட்கமாகிவிட்டது.

“முதல்ல எனக்கதை எடு” என்றேன். மற்ற இருவருக்கும் போன் போட்டுச் சம்மதம் வாங்கினோம். கொழுந்தன் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். யாருக்கும் மனக்குறை வராதபடி மூன்றையுமே எடுத்தோம் – பக்கம் பட்டென்று திறந்தது.

மறுநாள் மதியம் ஷைனி அழைத்தாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்றே தெரியவில்லை.

“அண்ணா, அம்பூரியில இருந்து ஒரு அக்கா விளிச்சாங்க. நாலு நாளாட்டு பார்க்காங்களாம், சுத்திக்கிட்டே கிடந்துச்சாம். இண்ணைக்காக்கும் தொறந்துச்சாம். ரெட்டைப் பிள்ளைங்க... ரெண்டு உடுப்பு வேணுமாம்!”

பக்கம் திறந்தால்தானே எந்த டிராக்கரும் அவரை எண்ணும்?

நாங்கள் எங்களையே எண்ணிக்கொண்டிருந்த அந்த நான்கு நாளும், ஷைனியை ஊரில் நிறுத்தக்கூடிய ஒரே ஆள் வாசலுக்கு வெளியே நின்றிருக்கிறார்.