பூட்டு அக்காவின் ஒரு வாரம்

எங்கள் வரைபட அலுவலகத்தில் பூட்டு அக்கா என்றால்தான் ஆளைத் தெரியும். தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையங்களில் எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது எங்கள் பிழைப்பு. பம்பு, தொட்டி, வால்வு எல்லாவற்றுக்கும் ஒரு சின்னம் உண்டு. சின்னங்களின் மூலப் பிரதி ஒரே இடத்தில் இருக்கும். அங்கே ஒரு கோட்டை மாற்றினால் எல்லோருடைய படத்திலும் மாறிவிடும். இடம் பத்தவில்லை என்றால் பம்பையே இழுத்துச் சப்பையாக்கிவிடும் ஆட்கள் நாங்கள். அதனால் அக்கா அதைப் பூட்டி, கடவுச்சொல்லைத் தன்னிடம் வைத்திருந்தார்.

அந்தப் பூட்டு அவரையும் சேர்த்துப் பூட்டியது யாருக்கும் உறைக்கவில்லை. கணவரும் மகளும் வேறு ஊரில். அக்கா இங்கே, ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடச் சுவர் முகத்தில் இடிக்கும் ஒரு விடுதி அறையில். அந்த ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு நடையாய் நடந்தார். "நீங்க போயிட்டா சின்னமெல்லாம் யாரு பாப்பாங்க?" என்றே மேனேஜர் தட்டிக்கழித்தார்.

கடைசியில் ஒருநாள் மனமிரங்கி, "ஒரு வாரம் பூட்டைத் திறந்து விடுங்க. நீங்க கை வைக்காம வேலை ஓடுச்சுன்னா கையெழுத்துப் போட்டுடறேன்" என்றார். யார் எதை மாற்றினார்கள் என்பதை மென்பொருளே பெயரோடு பதிந்து வைத்துவிடும். திருட்டுத்தனமாகக் கை வைக்க வழியில்லை.

திங்கள் முதல் அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ சதுரத் தொட்டியை வட்டமாக்கினார்கள். அக்கா மவுஸைத் தள்ளி வைத்தார். "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்கக்கா, வெள்ளிக்கிழமை வந்துடும்" என்றேன். மகள் போன் செய்து, அம்மாவுக்காக பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்துவிட்டதாகச் சொன்னாளாம். அதைச் சொல்லும்போது அக்கா முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

வியாழக்கிழமை எங்கள் சீனியர் வேலையைக் காட்டினார். அவருக்கு 'அவசரம்' என்று பேர் வைத்தவர் வாயில் சர்க்கரைதான் போடவேண்டும். தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடும் வால்வு, அவருடைய படத்தில் மட்டும் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டியிருந்தது. தன் படத்தில் திருப்பாமல் மூலச் சின்னத்தையே திருப்பித் தொலைத்தார் மனுஷன். எல்லாப் படத்திலும் வால்வுகள் திரும்பிக்கொண்டன. கவனித்த சிலர் தங்கள் படத்தில் மட்டும் கையால் நேராக்கிக்கொண்டு கமுக்கமாக இருந்துவிட்டார்கள். மற்றவர்கள் கவனிக்கவே இல்லை.

விஷயம் தெரிந்ததும் நான் பதறிப்போய் மூலத்தை மறுபடி திருப்பினேன். அவ்வளவுதான், கையால் நேராக்கியவை எல்லாம் தலைகீழாகின. இனி ஒவ்வொரு படமாகத் திறந்து, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால்தான் உண்டு. அன்று மாலையே படங்கள் கட்டுமான இடத்துக்குப் போகவேண்டும்.

"நான் பாத்துக்கறேன். நீங்க எழுந்து வெளிய போங்க" என்றேன் அக்காவிடம்.

"சாயங்காலத்துக்குள்ள நீ ஒருத்தி பாத்துடுவியா?"

"முடியலன்னா அப்படியே போகட்டும். கட்டுறவங்க பாத்துட்டுத் திருப்பி அனுப்புவாங்க. உங்க பொண்ண நினைச்சுப் பாருங்கக்கா."

"அனுப்பலன்னா? அப்படியே மாட்டிட்டாங்கன்னா? ஒரு ஊருக்கே தண்ணி வராதுடி."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் படத்தைத் திறந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். படங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

"பாத்தீங்களா? நீங்க இல்லாம இங்க ஒண்ணும் ஓடாது!" என்றார் மேனேஜர். பாராட்டுகிறாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவங்க சரிபண்ணது தப்பா சார்?"

"தப்புன்னு யாரும்மா சொன்னா? அவங்களுக்குப் பெரிய கம்ப்யூட்டர் திரையா ஒண்ணு வாங்கித் தரச் சொல்லியிருக்கேன்."

அக்கா சின்னங்களை மறுபடி பூட்டினார். பிறகு படிக்கட்டில் நின்று மகளைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"இந்த வாட்டி இல்லடா கண்ணு. என்ன ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மான்னு வச்சுட்டா" என்றார் என்னிடம். "ஏன்னு கூட கேக்கலடி."